ஆண்டர்சன்பேட்டையில் ஒரு படப்பெட்டி

ஆண்டர்சன்பேட்டை,
1904 ஜனவரி 10

என் பிரியமான கணவருக்கு ஜெயசீலி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நான், அத்தை, குழந்தை வின்னி மூவரும் சுகம். பேத்தமங்களா ஏரிக்கரையில் கொசு அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். அத்தை வேப்பிலை காயவைத்து ஒரு மூட்டை கட்டி இன்றைய வண்டியில் அனுப்புகிறார்கள். கொளுத்திப் புகை போடுங்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று மூலையில் வைத்துவிடாதீர்கள்.

நீங்கள் சுரங்கத்துக்குத் தண்ணீர் அனுப்பும் மிஷின் கட்டுகிற இடத்துக்குக் கணக்கெழுதப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. வீடு திடீரென்று பெரியதாகிவிட்டது போலத் தோன்றுகிறது. மில்லில் தங்கக்கல் இடிக்கிற சத்தம்தான் எங்களுக்குத் துணை. காற்றடித்தால், தங்கம் பிரித்த பிறகு மலையாகக் கொட்டிவைத்திருக்கிற சயனைட் மண் பறந்து வந்து சோற்றில் விழுகிறது.

பக்கத்து வீட்டு வெங்கடம்மாவின் மூத்த மகள் பார்வதிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை ரங்கூனில் அரிசி ஆலையில் இருக்கிறார். தை மாதத்தில் கல்யாணம், முடிந்ததும் கப்பல். மகள் போவதற்கு முன் ஒரு போட்டோ பிடித்து வைத்துக்கொள்ள வெங்கடம்மாவுக்கு ஆசை. பங்காருபேட்டையிலிருந்து சௌந்தரராஜன் என்கிற போட்டோக்காரரை வரவழைத்தார்கள். அவர் வந்து மூன்று கால் பெட்டியை நிறுத்தியதும் பார்வதி ஓடிப்போய்க் கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். “அறியாத ஆம்பள கறுப்புத் துணிக்குள்ள பூந்துகினு மொறைக்கிறான். நான் வரமாட்டேன்!” என்று ஒரே அழுகை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெங்கடம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “கப்பலேறிப் போறவ மூஞ்சி எனக்கு மறந்துபோச்சின்னா இன்னா பண்ணுவேன் தேவுடா?”

என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. “எங்க வீட்ல ஒரு பெட்டி இருக்குது வெங்கடம்மா. நான் எடுத்துத் தரேன்.”

ராணிப்பேட்டை போர்டிங் பள்ளியில் மிஸ்ஸம்மாவுக்கு இருட்டறையில் உதவியாக இருந்தேன் என்பதும், அவர்கள் சீமைக்குத் திரும்பும்போது தங்கள் படப்பெட்டியை என் கையில் கொடுத்தார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததுதான். நம் கல்யாணத்திலிருந்து ஐந்து வருஷமாக அது என் கூறைப்புடவைக்கு அடியில் தூங்குகிறது. “அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தீர்கள். அந்த அப்புறம் வந்துவிட்டதா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

வெறும் கண்ணாடித் தகட்டில் ஒரு முகம் மெல்ல மேலெழுந்து வரும்போது எனக்கு மூச்சு நின்றுபோகும். அந்தச் சந்தோஷத்தை நான் வேறெதிலும் கண்டதில்லை. இந்த ஊர்ப் பெண்கள் கூச்சமில்லாமல் முன்னால் நிற்கக்கூடிய ஒரு போட்டோக்காரியாக வேண்டும் என்பது என் ஆசை. எழுதிவிட்டேன். இனி இந்த வரியை அடித்துத் திருத்தப்போவதில்லை.

உங்கள் அன்புள்ள
ஜெயசீலி

*

பேத்தமங்களா,
1904 ஜனவரி 14

பிரியமுள்ள ஜெயசீலிக்கு,

நான் சுகம். வேப்பிலை வந்தது, புகையும் போட்டேன். கொசு போகவில்லை. கூடத் தங்கியிருக்கிற ஓவர்சியர்தான் இருமிக்கொண்டே எழுந்து போய்விட்டார். அம்மாவிடம் நல்ல பலன் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கிறது. நான் பயந்த சுபாவம் உள்ளவன், அது உனக்குத் தெரியும். ‘மாணிக்கராஜ் சம்சாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லைன் வீடுகள்தோறும் போகிறாள்’ என்று கோயில் மூப்பர்கள் பேசினால் நான் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது? அது போகட்டும், தகடுகள் ஐந்து வருஷப் பழசு. படம் விழாவிட்டால் கல்யாண வீட்டில் உனக்கல்லவா தலைகுனிவு?

இன்னொரு சங்கதி. இங்கே இன்ஜினீயராக இருக்கிற ஹரோல்ட் துரை, ஏரிக்கு வரும் பறவைகளைப் படம் பிடிக்க ஒரு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். உடனே ஆசைப்பட்டார். அவர் மனம் குளிர்ந்தால் என்னை இங்கேயே நிரந்தரமாக்கி வீடும் கொடுப்பார். நாம் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம். வின்னி ஏரியைப் பார்த்தால் எப்படிக் குதிப்பாள்! யோசித்துப் பார்.

உன்
மாணிக்கராஜ்

*

ஆண்டர்சன்பேட்டை,
1904 ஜனவரி 31

என் பிரியமானவருக்கு,

‘யோசித்துப் பார்’ என்று எழுதியிருந்தீர்கள், ‘கூடாது’ என்று எழுதவில்லை. ஆகையால் யோசித்தேன். பிறகு பெட்டியைத் திறந்தேன்.

சமையலறைச் சன்னலைக் கம்பளியால் மூடி, மிஸ்ஸம்மாவின் சிவப்பு விளக்கை ஏற்றி இருட்டறையாக்கினேன். கல்யாண வீட்டுக்குப் போகும் முன் யாரையாவது வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. அத்தையைக் கூப்பிட்டேன்.

“இது ஆயுசக் கொறைக்கும்னு சொல்றாங்களே, நெசமாடி?”

“யார் அத்தை சொன்னது?”

“யாரு சொல்லணும்? ஒன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப மிஸ்ஸம்மா செவுத்துல மாட்டியிருந்த படத்துல இருந்தவங்க ஒருத்தராவது இப்ப உசுரோட இருக்காங்களா?”

இப்படிச் சொல்லிக்கொண்டே தலைவாரிக்கொண்டு வந்து வாசல் வெளிச்சத்தில் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் தகடு அடுப்புக்கரி போல வந்தது. அத்தை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இவ்ளோ கறுப்பாவா கீறேன் நானு?” என்று கேட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நீங்கள் சொன்னது சரிதான், தகடு பழசாகிவிட்டது என்று நினைத்தேன். கட்டின் நடுவிலிருந்து இன்னொன்றை எடுத்து மறுபடி முயன்றேன். மருந்துத் தட்டை ஆட்ட ஆட்ட, முதலில் அத்தையின் வெள்ளைப் புடவை கறுப்பாக வந்தது; தகட்டில் எல்லாம் நிறம் மாறித்தான் விழும். பிறகு நெற்றி, அப்புறம் கன்னம். என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, “தோத்திரம்” என்றார்கள். அதைக் காகிதத்தில் பதித்த படத்தைத்தான் இதனுடன் வைத்திருக்கிறேன்.

பார்வதி மணக்கோலத்தில் தலையைத் தூக்கவே இல்லை. நான் கறுப்புத் துணிக்குள்ளிருந்தபடியே, “பார்வதி, உங்கம்மா தெனம் இந்த மூஞ்சியத்தான் எடுத்துப் பாக்கப்போறாங்க. அழுத மூஞ்சியா குடுத்துட்டுப் போவப்போற?” என்றேன். சிரித்துவிட்டாள். அது அடங்கும் முன் பிடித்துவிட்டேன்.

வெங்கடம்மா படத்தை வாங்கி முந்தானையில் மூடிக்கொண்டு போய்விட்டார். பிடிக்கவில்லையோ என்று நான் கலங்கிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். “பல்லு தெரியுது ஜெயசீலி. பொறந்ததுலேருந்து வாயப் பொத்திகினுதான் சிரிப்பா அவ. ஒனக்கு எப்படிக் காட்டினா?”

துரையிடம் பெட்டி இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஏரியும் ஒன்றாக இருப்பதும் எனக்கும் ஆசைதான். ஆனால் ஐந்து வருஷத்தில் நான் உங்களிடம் கேட்கிற ஒரே பொருள் இது. அதுவும் ஏற்கனவே என்னுடையது.

உங்கள்
ஜெயசீலி

*

பேத்தமங்களா,
1904 பிப்ரவரி 6

ஜெயசீலிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. துரை மறுபடி கேட்டார், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை இங்கே சாமான் ஏற்றுகிற வண்டிக்காரர் காத்தவராயன் வருவார். பெட்டியையும் அதன் கால்களையும் பழந்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பு.

அம்மாவின் படம் மிகவும் நன்றாக இருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் துரையிடம் சொன்ன சொல்லை நான் எப்படி மாற்றுவேன்? அவர் முன்னால் போய் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்னைத் தப்பாக நினைக்காதே.

மாணிக்கராஜ்

*

ஆண்டர்சன்பேட்டை,
1904 பிப்ரவரி 15

என் பிரியமானவருக்கு,

காத்தவராயன் அண்ணன் சனிக்கிழமை மத்தியானம் வந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“அம்மா, ஐயா ஒரு பெட்டி வாங்கியாரச் சொன்னாரு.”

“தரமாட்டேன் அண்ணே.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “தரமாட்டேன்னா? ஐயாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“தரமாட்டேன்னு சொன்னாங்கன்னே சொல்லுங்க.”

திண்ணையில் உட்கார்ந்தார். “அப்படி இன்னாதாம்மா கீது அந்தப் பெட்டில?” அத்தையின் படத்தையும், பார்வதி படத்தின் இன்னொரு பிரதியையும் காட்டினேன். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு கேட்டார். “ஆளுங்க மட்டுந்தான் விழுவாங்களா, இல்ல மாடும் விழுமா?”

அவருடைய செவலை மாட்டுக்கு வயதாகிவிட்டதாம். அடுத்த வருஷம் வண்டியில் பூட்டமாட்டாராம். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் பெட்டியைக் கேட்கவில்லை. மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, தானும் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நாங்கள் வரும்போது வாசலில் நின்றார். தெருவே கூடிவிட்டது. செவலை வாலை ஆட்டாமல் இருக்கவேண்டுமே! வெங்கடம்மா ஒரு பக்கம் நின்று அகத்திக்கீரையைக் காட்ட, வின்னி மறுபக்கம் நின்று “ஆடாதே, ஆடாதே” என்று மாட்டுக்கு உபதேசம் செய்தாள். போதகர் ஐயாவும் வேலியோரம் நின்று சிரித்ததை நான் துணிக்குள்ளிருந்து பெட்டியின் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்தேன்.

ஆகவே பெட்டியை அனுப்பவில்லை. காத்தவராயன் அண்ணனையும் அவர் மாடுகளையும் ஒரு அட்டையில் ஒட்டி, அவர் கையிலேயே அனுப்புகிறேன்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று எண்ணவேண்டாம். உங்கள் பேச்சை நான் மீறியது இதுதான் முதல்முறை. நீங்கள் கோபித்தால் எனக்குத் தாங்காது. ஆனால் பெட்டியைக் கொடுத்துவிட்டு, நீங்கள் வரும்போதெல்லாம் ஒன்றும் நடக்காதது போல உங்களுக்குச் சோறு போட என்னால் முடியாது.

உங்கள்
ஜெயசீலி

*

பேத்தமங்களா,
1904 பிப்ரவரி 24

பிரியமுள்ள ஜெயசீலிக்கு,

முதலில் கோபம் வந்தது என்பதை ஒளிக்கமாட்டேன். வெறுங்கையோடு வந்த காத்தவராயனைப் பார்த்ததும் கணக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். “பெட்டி எங்கே?” என்றால், “பெட்டிய வுடுங்க சாமி, இதப் பாருங்க!” என்று படத்தை நீட்டுகிறார். அதற்குள் கொத்தனார்களும் மண் சுமக்கிற பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். “அய், செவலை!” “மூக்கணாங்கயிறுகூடத் தெரியுதுடா!” படம் கைமாறி ஏரிக்கரை முழுவதும் போய், சாயங்காலம்தான் என்னிடம் திரும்பி வந்தது. அப்போதுதான் நான் அதை நிதானமாகப் பார்த்தேன். மாட்டின் கழுத்தில் கை போட்டு நிற்கிற அந்த மனிதரின் முகத்தில் இருக்கிற பெருமை இருக்கிறதே, தினமும் அவரைப் பார்க்கிற நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய்.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். “வண்டி வந்துவிட்டதாமே, பெட்டி எங்கே?” என்றார்.

“பெட்டி வராது ஐயா.”

“தருவதாகச் சொன்னாயே?”

“சொன்னது என் தவறு ஐயா. பெட்டி என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. அவள் போட்டோ பிடிக்கிறவள்.”

அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் முகம் சிவந்துவிட்டது. வாக்குத் தவறுகிறவனை நிரந்தரமாக்குவது பற்றி இனிப் பேச்சில்லை என்று சொல்லி எழுந்து போனார். நானும் வெளியே வந்தேன். ஆனால் ஜெயசீலி, கரைமேல் நடந்துபோகப் போக, எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது. அடித்தேன். சரியாக வரவில்லை.

வீடும் ஏரியும் போய்விட்டன. வின்னியை ஒருநாள் அழைத்துவந்து தண்ணீரைக் காட்டுகிறேன், அது போதும்.

உன்
மாணிக்கராஜ்

*

ஆண்டர்சன்பேட்டை,
1904 மே 2

என் பிரியமானவருக்கு,

ஈஸ்டருக்கு நீங்கள் வந்துபோனதிலிருந்து எழுதவே முடியவில்லை. அவ்வளவு வேலை. சென்னையிலிருந்து புதுத் தகடுகள் வந்துவிட்டன. பெண்கள் இப்போது தாங்களாகவே வருகிறார்கள். ஒருத்தி மாமியாருக்குத் தெரியாமல் வந்தாள். மறுநாள் அந்த மாமியார் மருமகளுக்குத் தெரியாமல் வந்தார். இரண்டு படங்களும் ஒரே கயிற்றில் காய்ந்தன.

ஆனால் ஒரு பெரிய நஷ்டமும் வந்தது. எதிர்லைன் வீடுகளின் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, பூ வைத்து, நல்ல புடவை கட்டி ஒரே படமாக நின்றார்கள். நான் பிடித்ததிலேயே அதுதான் பெரியது. அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கழுவும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. தகட்டின் மேல்பூச்சு உருகி, அத்தனை முகமும் பாலாடை போல வழுக்கி என் கையிலேயே விழுந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். திட்டுவார்கள் என்று பயந்தேன். கடைசி வீட்டில் இருந்தவள், “போனாப் போவுது வுடும்மா. இன்னொருவாட்டி பூ வச்சிக்க ஒரு சாக்குதான” என்றாள். அடுத்த முறை வெயில் ஏறுமுன்னே எல்லோரையும் நிறுத்தி, பானைத் தண்ணீரில் படிகாரம் கரைத்துத் தகட்டை இறுகவைத்தேன். ஒரு முகமும் போகவில்லை.

அந்த நஷ்டத்தை எப்படியோ கேள்விப்பட்டு, பங்காருபேட்டை சௌந்தரராஜன் நம் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “பொம்பளைங்க என்கிட்ட நிக்கமாட்டேங்கறாங்க, உங்ககிட்ட நிக்கறாங்க. என் கடைக்காக எடுத்துக் குடுங்கம்மா. தகடு, மருந்து, இருட்டறை எல்லாம் என் பொறுப்பு. படம் ஒட்டற அட்டையில மட்டும் என் பேரு இருக்கும்.”

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. உருகுகிற தகட்டைப் பற்றிக் கவலையில்லை. ஊர்ப்பேச்சும் அவரோடு போய்விடும். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் கண்ணில் பட்டது கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த எதிர்லைன் படம். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

“நஷ்டம் வந்தாலும் பரவாயில்லீங்க. உருகறதும் என் பேர்லயே உருகட்டும்” என்றேன்.

“பொம்பள பேர் போட்ட அட்டைய யாரும்மா வாங்குவாங்க?”

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “பொம்பளைங்க வாங்குவாங்க!”

அவர் சிரித்துவிட்டார். காப்பி குடித்துவிட்டு, கோடையில் தகடுகளை எங்கே வைத்துக் காப்பது என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

முன்னறையைப் படக்கூடமாக்கப் போகிறேன். உங்கள் சாய்வு நாற்காலி பின்கட்டுக்குப் போய்விட்டது. இதற்கு உங்கள் சம்மதம் கேட்கவில்லை, தகவல்தான்.

உங்கள்
ஜெயசீலி

*

பேத்தமங்களா,
1904 மே 9

என் பிரியமுள்ள ஜெயசீலிக்கு,

இங்கே என் வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. ஆண்டர்சன்பேட்டையில் பழைய ஆபீஸிலேயே இடம் இருப்பதாகக் கடிதம் வந்துவிட்டது. ஜனவரியில் என்றால் இதை நான் துக்கச் செய்தியாக எழுதியிருப்பேன். இப்போது மூட்டையைக் கட்டிவைத்துவிட்டு நாள் போகவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஓவர்சியரிடம் கேட்டு ஒரு பலகை வாங்கி இழைத்து, நீலவர்ணம் பூசி, வெள்ளையில் எழுதியிருக்கிறேன். ‘ஜெயசீலி அம்மாள், போட்டோ பிடிப்பவர்.’ கீழே தெலுங்கில் ஓவர்சியர் எழுதினார். “புருஷன் பெயர் இல்லாமல் ஒரு பலகையா?” என்று கேட்டார். “புருஷனுக்குப் போட்டோ பிடிக்கத் தெரியாதே” என்றேன். அம்மாள் என்பதில் ஒரு புள்ளி கொஞ்சம் வழிந்துவிட்டது. பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை காத்தவராயன் வண்டியில் வருகிறேன். பலகையை நானே மாட்டுவேன். கோயில் மூப்பர்கள் போகிற நேரமாகப் பார்த்து மாட்டலாம் என்று நினைக்கிறேன்.

பின்கட்டு நாற்காலிக்குச் சம்மதம். ஆனால் பதிலுக்கு ஒரு வேண்டுகோள். ஊரெல்லாம் உன் முன்னால் நின்றுவிட்டது, மாடுகூட நின்றுவிட்டது. நமக்குக் கல்யாணப் படம் கிடையாது. எனக்கு உன்னோடு ஒரு படம் வேண்டும். இதில் ஒரே ஒரு சந்தேகம்: நீ பெட்டிக்குப் பின்னால் நின்றால், என் பக்கத்தில் யார் நிற்பது?

உன்
மாணிக்கராஜ்

*

ஆண்டர்சன்பேட்டை,
1904 மே 12

என் பிரியமானவருக்கு,

வண்டிக்காரர் கிளம்புவதற்காக நிற்கிறார். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தில் நான்தான் நிற்பேன். வின்னி நம் நடுவில் நிற்பாள். பெட்டியை நான் சரிபார்த்து வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். பெட்டியின் கண்ணைத் திறந்து மூடுகிற ரப்பர்ப் பந்தை அத்தை அமுக்குவார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று வெங்கடம்மாவை நிறுத்திவைத்து, “மூச்சு வுடாத! கண்ணு கொட்டாத! நான் சொல்ற வரைக்கும் அசையாத!” என்று போட்ட அதட்டலில் வெங்கடம்மா நிஜமாகவே மூச்சுத் திணறிப்போனார். பந்தை அமுக்க மட்டும் அத்தை மறந்துவிட்டார்கள்.

கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாருங்கள். அத்தையின் கையில் நாம் எத்தனை நாழி நிற்கவேண்டியிருக்குமோ தெரியாது. காலையிலேயே வந்துவிடுங்கள்.

உங்கள்
ஜெயசீலி